முதல் பாகம் அளவுக்கு இல்லை

என் மகள் ஒரு படத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் நடத்துகிற விசாரணை, எங்கள் வீட்டில் பெண் கொடுக்கும்போதுகூட நடந்ததில்லை. முன்பின் தெரியாத ஆட்கள் எழுதிப்போட்ட கருத்துகளையெல்லாம் கைப்பேசியில் ஒன்றுவிடாமல் வாசிப்பாள். வாசித்து முடிக்கும்போது படமே பார்த்த மாதிரி ஆகிவிடும். பிறகு எதற்கு டிக்கெட் என்று நான் கேட்பதில்லை. வயதான காலத்தில் யாரிடம் சோறு வாங்கிச் சாப்பிடப் போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு படம் வந்தது. ஒரு குடும்பம் மொத்தமும் காரில் ஏறி ஊர் சுற்றப் புறப்பட்டு, வழியெல்லாம் வம்பை விலைக்கு வாங்குகிற சிரிப்புப் படத்தின் இரண்டாம் பாகம். மகள் கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்தாள்.

“‘இன்டர்வெல் வரைக்கும் சிரிக்கலாம், அதுக்கப்புறம் தூங்கலாம்’னு ஒருத்தர் போட்டிருக்கார்மா. இன்னொருத்தர், ‘குடும்பத்தோட போங்க, ஆனா உங்க குடும்பத்தோட போகாதீங்க’ங்கறார். நெறைய பேர் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. ‘முதல் பாகம் அளவுக்கு இல்லை.’”

என் கையிலிருந்த காப்பி சேலையில் கொட்டியது.

“என்னம்மா ஆச்சு?”

“சூடு” என்றேன். காப்பி ஆறி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த நாலு சொல்லைத் திருநெல்வேலியில் ஒரு தியேட்டர் வாசலில் நின்று சொன்னதற்காக ஒரு மனிதர் தேர்தலில் தோற்றார். அவர் என் பெரியப்பா. தோற்கடித்தது நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்த நாளில் நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். எங்கள் தெருவில் பத்து வீடு என்றால் எட்டு வீட்டில் வாத்தியார்கள். பேச்சில் பிழை விட்டால் மூன்று வீட்டிலிருந்து திருத்துவார்கள். அத்தனை வாத்தியார்களுக்கும் மேலான வாத்தியார் என் பெரியப்பா, அப்பாவின் மூத்த அண்ணன், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி அவர் வீடு. பிள்ளைகள் கிடையாது. அதனாலேயோ என்னவோ, எங்கள் சர்ச் சபையிலுள்ள பிள்ளைகளையெல்லாம் திருத்துகிற பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலையில் கோயில் ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும். ஓய்வுநாள் பள்ளி என்போம். அதற்குப் பெரியப்பாதான் தலைவர். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜெபம் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “போன மாசம் சினிமாவுக்குப் போனவங்கல்லாம் எந்திரிங்க” என்பார். எழுந்து நின்றால் வருடக் கடைசிப் பரிசுப் பட்டியலில் பெயர் இருக்காது. ஆகவே யாரும் எழுந்து நிற்பதில்லை. பெரியப்பா முகம் மலரும். எங்கள் சபைப் பிள்ளைகளின் பரிசுத்தத்தைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை.

ஒன்பது வயதில், விவரம் பத்தாமல், நான் எழுந்து நின்றேன்.

மே மாத லீவில் தூத்துக்குடி மாமா ஒரு படத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். அதுவும் இதே கதைதான். ஒரு குடும்பம் ஓட்டை வேன் ஒன்றில் ஏறி ஊர் சுற்றப் போகும். சினிமாக்காரர்களுக்கு அந்த வேன் இன்னும் பழுதாகவில்லை, இப்போது கார் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நான் நின்றதும் அறையே திகைத்துப்போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்த பையன் அதே படத்தை ரெண்டு தடவை பார்த்தவன், அவன்தான் எல்லாரையும்விட அதிகமாகத் திகைத்தான்.

“யாரு கூட்டிட்டுப் போனா?” என்றார் பெரியப்பா.

“தூத்துக்குடி மாமா.”

அவர் மேஜையிலிருந்து பரிசுப் பட்டியலை எடுத்தார். சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். ஸ்கேலை வைத்து என் பெயரை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். வருடம் முழுக்க ஒரு வசனம் விடாமல் ஒப்பித்தவள் நான். அந்த டிசம்பரில் மேடையேறிப் பரிசு வாங்கியவர்களில் வேன் படம் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை. பாளையங்கோட்டையில் அந்தப் படத்தைப் பார்த்ததாகப் பதிவு பெற்ற ஒரே ஆள் நான்தான்.

அப்புறம் நானும் எழுந்து நிற்பதை விட்டுவிட்டேன்.

இதற்குப் பிறகு ரெண்டு வருஷத்தில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியம்மா இறந்துபோனார். ஒரு வருடத்துக்கு மேலாகச் சீக்கு. வாரத்துக்கு ஒரு நாள் பெரியப்பா ஒரு கையில் குடையும் ஒரு கையில் பெரியம்மாவுமாக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவார். சபையின் பெண்கள் சங்கத்துக்குப் பெரியம்மாதான் நெடுநாள் தலைவி. அடக்க ஆராதனையில் குருவானவர் (எங்கள் பக்கம் அவரை ‘ஐயர்’ என்போம், வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போவார்கள்) “உலகத்தின் ஆசாபாசம் எதையுமே அறியாத சகோதரி” என்று பிரசங்கம் செய்தார். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அந்த வாக்கியம் பெரியம்மாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள்.

பெரியப்பா அதன் பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஓய்வுநாள் பள்ளிக்கு மட்டும் வருவார், போவார். சாப்பிட்டாரா என்று கேட்டால், “சாப்பிட்டிருப்பேன்” என்பார். அப்பா பயந்துபோனார். அந்த நேரம் பார்த்துச் சபைத் தேர்தல் வந்தது.

எங்கள் சபைத் தேர்தலைப் பார்க்காதவர்கள் நாடாளுமன்றத் தேர்தலைத்தான் பெரிதென்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ரெண்டு அணி உண்டு. நோட்டீஸ் உண்டு. ஓட்டு உள்ள வீட்டில் கல்யாணம் என்றால் ரெண்டு அணியும் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும். எதிர் அணியில் செயலாளர் பதவிக்கு அரிசிக்கடை அண்ணாச்சி நின்றார். எங்கள் அணியில் அப்பா போய் அண்ணன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, பெரியப்பாவை நிற்க வைத்தார்.

“செயிச்சுட்டார்னா காலையில எந்திரிச்சுச் சட்டையைப் போடுததுக்கு ஒரு காரணம் இருக்கும்லா” என்று அம்மாவிடம் சொன்னார். “இல்லைன்னா மனுசன் இப்படியே உக்காந்து உக்காந்து போய்ச் சேந்துருவாரு.”

பெரியப்பாவும் மெல்லத் தேறினார். நோட்டீஸை அவரே எழுதினார். மூன்றாவது வாக்குறுதி, ‘வாலிபர்களையும் சிறுவர்களையும் சினிமாவின் பிடியிலிருந்து மீட்பது.’

தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் அந்த அதிர்ச்சி நடந்தது.

எங்கள் வீட்டு டிவியின் வரலாற்றைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. நாற்பது வயது தாண்டிய அப்பா, அண்ணனிடம் அனுமதி கேட்டு வாங்கிய டிவி அது. ‘செய்தி மட்டும்’ என்பது நிபந்தனை. கேபிள் இழுத்தபோது, “கேபிள் இல்லாட்டா செய்தி தெளிவா வரமாட்டேங்கு அண்ணே” என்றார் அப்பா. பெரியப்பா நம்பினார். அவர் வீட்டில் டிவி கிடையாது. தெருவில் மற்ற வீடுகளிலும் இதே ஒப்பந்தம்தான். அத்தனை வீட்டிலும் டிவி இருந்தது, அத்தனை வீட்டிலும் அது செய்தி மட்டுமே சொன்னது.

கேபிள்காரர் உள்ளூருக்கென்று தனியாக ஒரு சேனல் நடத்தினார். அதில் பிறந்தநாள் வாழ்த்து வரும், ஜவுளிக்கடை விளம்பரம் வரும், இரங்கல் செய்தி வரும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தியேட்டர் வாசலில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை மறித்துக் கருத்துக் கேட்கிற நிகழ்ச்சி வரும். சிவப்பு ஸ்பாஞ்சு மாட்டிய மைக்கோடு ஒரு பையன் நிற்பான். அந்த வெள்ளிக்கிழமை வேன் படத்தின் இரண்டாம் பாகம். தமிழில் அப்போதெல்லாம் இரண்டாம் பாகம் வருவதே அபூர்வம். நாங்கள் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

காலேஜ் பையன்கள் நாலு பேர் ஒரே நேரத்தில், “சூப்பர்! சூப்பர்!” என்று கத்தினார்கள். ஒரு அம்மா, கேமராவைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்து, “பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவங்க தூங்கலாம், ஏசி நல்லாருக்கு” என்றார். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வந்தவராம், ரொம்பக் கோபமாக இருந்தார். “லீவு முடிய நாலு நாள்தான் கெடக்கு. அதுல மூணு மணி நேரத்த தின்னுட்டானுவ. இவனுவள கேக்க ஆளில்லயா?” என்றார். தம்பி சிரித்ததில் இட்லி புரையேறியது. அம்மா அவன் தலையில் தட்டினார்.

அடுத்த ஆளுக்கு மைக் நகர்ந்தது. வெள்ளைச் சட்டை. கக்கத்தில் குடை.

“ஐயா, படம் எப்படி இருக்கு?”

பெரியப்பா.

முதலில் எனக்குப் பெரியப்பா மாதிரி ஒருவர் என்றுதான் தோன்றியது. உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்பார்களே, அதில் ஒருவர் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மற்ற ஆறு பேரும் அந்தக் கணத்தில் மறைந்துபோனார்கள்.

பரீட்சைத் தாளைத் திருத்தி மார்க் போடுவதுபோல நிதானமாக யோசித்தார். பிறகு சொன்னார்: “முதல் பாகம் அளவுக்கு இல்ல தம்பி. அதுல கண்ணுல தண்ணி வர சிரிக்க வச்சாங்க. இது சுமார்தான்.”

நிறுத்தற்குறி தவறாமல் சொன்னார். குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு திரையின் ஓரமாக நடந்து மறைந்தார்.

அப்பா கையில் டம்ளர் வாய்க்கும் தரைக்கும் நடுவில் நின்றது. திடீரென்று எழுந்து ஓடிப்போய் டிவி சத்தத்தைக் குறைத்தார், ஏதோ எங்கள் பெட்டிக்குள் மட்டும்தான் பெரியப்பா இருக்கிறார் என்பதைப்போல. நிகழ்ச்சியின் முடிவில் முக்கியமான கருத்துகளை மறுபடி ஒருதரம் போடுவார்கள். எங்கள் டிவி ஊமையாக இருந்ததால் தெரு நன்றாகவே கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பெரியப்பா பேசினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து பேசினார். அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து பேசினார். “முதல் பாகம் அளவுக்கு இல்ல தம்பி.” பிறகு ஒவ்வொரு வீடாக டிவி அணைந்தது. எங்கள் தெரு அத்தனை அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

“எதையாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா” என்றார் அப்பா. “நல்லாருக்குன்னு சொல்லிருக்கலாம். நல்லால்லன்னு சொல்லிருக்கலாம். ஏதோ ஒரு நாள், புத்தி தடுமாறிப் போயிட்டாருன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். முதல் பாகம் அளவுக்கு இல்லன்னா? அப்ப முதல் பாகத்தையும்லா பாத்திருக்காரு!”

அந்த நொடிவரை எனக்கு அது உறைக்கவில்லை. உறைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. முதல் பாகம்! நான் எழுந்து நின்ற முதல் பாகம். ஸ்கேல் வைத்து அடித்த முதல் பாகம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராமே!

அம்மா மட்டும் திகைத்த மாதிரித் தெரியவில்லை. எழுந்து, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுக்களைக்குள் போனார்.

சனிக்கிழமை முழுவதும் ஒரு விசித்திரம் நடந்தது. பாளையங்கோட்டையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், பெரியப்பாவுக்கு மட்டும் தெரியாது. மைக் பிடித்த பையன் ஏதோ மெட்ராஸ் கம்பெனிக்காக எழுதிக்கொண்டு போகிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவரிடம் போய்ச் சொல்லவும் ஆளில்லை. சொன்னால், ‘நீ எங்கன பாத்தே?’ என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு யாரிடமும் பதில் இல்லை. செய்தி மட்டும் பார்க்கிற டிவியில் எப்படிப் பார்த்தோம் என்று சொல்வது?

அப்பா மூன்று தடவை அண்ணன் வீட்டுக்குப் போனார். முதல் தடவை முருங்கைக்காயோடு திரும்பி வந்தார். ரெண்டாவது தடவை வேத அகராதியோடு வந்தார். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன்.

“அண்ணே, வந்து...”

“என்னடே?”

“நீங்க வியாழக்கிழமை ஜங்ஷன் பக்கம்...”

“ஆமா, போனேன். அதுக்கென்ன?”

அப்பா வானத்தைப் பார்த்தார். “மழை வரும் போலருக்கு” என்றார். பங்குனி மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எதிர் அணிக்கும் இதே கஷ்டம்தான் என்பதைத் திரும்பும்போது கண்டுகொண்டோம். அரிசிக்கடை அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

“வாத்தியார் இந்த வாரம் வெளிய எங்கயாச்சும் போயிருந்தாரோ?”

“ஏன் அண்ணாச்சி கேக்கிய?”

“சும்மாதான்வே. பாத்த மாதிரி இருந்துது.”

“எங்கன பாத்திய?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

“அதான் ஞாபகம் வரமாட்டேங்கு” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சைக்கிளை மிதித்தார்.

“தப்பிச்சோம்” என்றார் அப்பா. “அவராலயும் சொல்ல முடியாது. நாளைக்குச் சாயங்காலம் வரை யாரும் வாயத் திறக்கலன்னா போதும், அண்ணன் செயிச்சிருவாரு.”

சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒரே ஒருத்தி இருந்தாள். ஏற்கெனவே பட்டியலில் பெயர் அடிபட்டவள். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவள். அவள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்தாள்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. ஓய்வுநாள் பள்ளியில் பெரியப்பா ஜெபத்தை முடித்தார். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “போன மாசம் சினிமாவுக்குப் போனவங்கல்லாம் எந்திரிங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டிவி முன்னால் இருந்த நாற்பது பிள்ளைகள் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையில் நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் எழுந்தேன்.

“என்னட்டி, மறுபடியுமா?”

“நான் போகல பெரியப்பா. நீங்கதான் போனிய.”

“என்ன சொல்லுதே?”

“டிவில சொன்னிய. முதல் பாகம் அளவுக்கு இல்லன்னு. அப்ப முதல் பாகமும் பாத்திருக்கிய. அதுக்குத்தானே என் பேரை அடிச்சிய?”

என் குரல் கணீரென்று இருந்தது. அதில் எனக்கே ஒரு திருப்தி. பெரியப்பா கோபப்படுவார், மறுப்பார், திட்டுவார் என்று மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். “சரி, உக்காரு” என்றார். அன்றைக்கு வேதபாடம் நடக்கவில்லை. பாட்டு மட்டும் பாடினோம்.

ஆராதனை முடிவதற்குள் விஷயம் கோயில் முழுவதும் பரவியிருந்தது. இப்போது யாரும் டிவி பார்த்ததாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ‘பிள்ளை சொல்லிச்சு’ என்றால் போதும். தேர்தல் கூட்டம் தொடங்கியதும் அரிசிக்கடை அண்ணாச்சி எழுந்தார்.

“நாங்கள்லாம் டிவி பாக்கதில்ல” என்று ஆரம்பித்தார். “ஆனா ஒரு பச்சப் பிள்ளை எந்திரிச்சுச் சொல்லுது. அதுவும் அவங்க வீட்டுப் பிள்ளையே சொல்லுது. வாத்தியார் விளக்கம் சொல்லணும்.”

குருவானவர் நல்ல மனுஷர். “வெயிலுக்கு ஒதுங்கிருப்பாரு, அந்த நேரம் பாத்து...” என்று இழுத்தார்.

பெரியப்பா எழுந்து, “இல்ல ஐயரே. டிக்கெட் எடுத்துத்தான் போனேன்” என்றார்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“எத்தன படம் வாத்தியாரே?”

“ரெண்டு. அது ஒண்ணு, இது ஒண்ணு.”

“அது வந்தப்ப, வீட்டுல சீக்காளியப் போட்டுட்டா போனிய?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். “யாரு கூடப் போனிய?”

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா சடாரென்று எழுந்தார். எதையோ சொல்ல வாய் திறந்தார். பெரியப்பா அந்தப் பக்கம் பார்த்தார். தலையை லேசாக, ஒரே ஒரு தடவை, அசைத்தார். அம்மா உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவுக்காகக் கெஞ்ச எழுந்தார் போலிருக்கிறது, அவர் கெஞ்ச வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

“தனியாத்தான் போனேன்” என்றார் பெரியப்பா. “சீக்காளியப் போட்டுட்டுத்தான் போனேன். தப்புதான். நான் நிக்கல, என் பேரை எடுத்திருங்க.”

குடையை எடுத்துக்கொண்டு நடுவழியாக நடந்து போனார். யாரும் வழிமறிக்கவில்லை. பொண்டாட்டி சாகக் கிடக்கையில் சினிமாப் பார்த்த மனுஷன் என்று அதன் பிறகு பல வருஷம் ஊரில் பேசினார்கள். அரிசிக்கடை அண்ணாச்சி போட்டியின்றித் தேர்வானார். அவர்கூட அதைச் சத்தமாகக் கொண்டாடவில்லை.

நான் காலேஜ் முடித்த வருஷம்தான் அம்மா சொன்னார். ஆஸ்பத்திரியில் காலையில் ஊசி போட்டால், மறுபடி டாக்டர் வருவது சாயங்காலம் நாலு மணிக்கு. நடுவில் போக இடமில்லை. வேப்பமரத்தடியில் பெஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு நாள் வெயில் தாங்காமல் பெரியம்மாதான் கேட்டிருக்கிறார். “ரெண்டு தெரு தள்ளி ஏசி தியேட்டர் இருக்குதாம்லா, செத்த நேரம் உள்ள போய் இருப்பமா?” பெரியப்பா முதலில் அதிர்ந்துபோயிருக்கிறார். பிறகு, படத்தைப் பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. கண்ணை முதலில் திறந்தது யார் என்பதில் ரெண்டு பேருக்கும் கடைசிவரை சண்டையாம். வேன் ஆற்றுக்குள் இறங்குகிற இடத்தில் பெரியம்மா சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லும்போதும் சிரித்தாராம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குத் தெரியாது.

அன்று வெயில் இறங்கிய பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, “ஏட்டி, இங்கன வா” என்று என்னைக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். கேட்டுக்கு உள்பக்கமே நின்றுகொண்டேன். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

அவர் திட்டவில்லை. சட்டைப் பையைத் தடவினார். தெருவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

“அந்த மொதல் படத்துல,” என்றார், “வேன் ஆத்துக்குள்ள எறங்கிரும்லா? அந்த மாமியார்க்காரி மட்டும் சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்திருப்பாளே. தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துரும். அப்பவும் வெத்தலைப் பெட்டியத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு...”

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ அந்த எடத்துல சிரிச்சியா?”

சிரித்தேனாவா? சீட்டிலிருந்து கீழே விழுந்து, மாமா தூக்கி உட்கார வைத்தார். ஆனால் எனக்குப் பதினொரு வயதாகியிருந்தது. விவரம் வந்திருந்தது. பெரியப்பா கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் ஸ்கேல் இருக்கும் என்று தெரிந்திருந்தது.

“இல்ல பெரியப்பா” என்றேன்.

“கொஞ்சம்கூடவா சிரிக்கல?”

“கொஞ்சம்கூடச் சிரிக்கல. எனக்கு அந்தப் படமே மறந்து போச்சு.”

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார் போலிருக்கிறது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“மறந்து போச்சா?” என்றார். “சரி. போய் விளையாடு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைய நடந்து, மூன்று வீடு தாண்டி, அவர் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். விளக்குப் போடவில்லை. அவர் திரும்பி வந்து இன்னொரு கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று நான் கேட்டைத் தாழ்ப்பாள் போட்டேன். நல்லவேளை, சமாளித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.